பாக்கியம் அக்காவுக்குக் கை வராத அறை

பாக்கியம் அக்காவைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் ஊர் கான் தெ மாஸ்கில் இன்றைக்கும் சிலர் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தோட்டத்தில் எங்களை மேய்த்த சிர்தார் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கியபோது, வெட்டுக்கத்தியைக் கீழே போட்டுவிட்டு அவன் முன்னால் போய் நின்றது யார்? ஆண்கள் நாங்கள் கரும்புக்குள் தலையை விட்டுக்கொண்டோம். கோயில் வெள்ளிக்கிழமைப் பாட்டுகளைப் பெண்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அவள்தான். தரையில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை வைத்து, வம்பு பேசிக்கொண்டே எழுதுவாள்.

நாற்பத்தெட்டுத் தேர்தலுக்குப் பெயர் பதியச் சொன்னார்கள். தெரிந்த மொழியில் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டினால் ஓட்டு உண்டு. எங்களைப் போன்ற தோட்டக்கூலிகளுக்கு அதற்கு முன் ஓட்டு ஏது? அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினாள்.

பதிவை எங்கே வைத்தார்கள் தெரியுமா? தோட்டத்து ஆபீசில்! அந்த அறைக்கு எங்களை ஏசுவதற்குத்தான் கூப்பிடுவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கைகட்டி நின்றே பழக்கம். அங்கே கூலி எவனும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

"அசிஸே, மதாம்," என்று அதிகாரி மரியாதையாகத்தான் நாற்காலியைக் காட்டினார். அக்கா உட்காரவில்லை. தோட்டத்துக் கிளார்க் ரொஜே பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்தைச் சரிபார்க்க வந்த தமிழ் வாத்தியார், "பேரும் ஊரும் எழுதும்மா," என்றார். நின்றபடியே குனிந்தாள். பேனா தாளில் ஓடவில்லை. மையைக் கொட்டிவிட்டு, "பார்தோன், முசே," என்று மன்னிப்புக் கேட்டாள். யாரிடம்? அந்த ரொஜேயிடம்! அதிகாரி அவளை எழுதத் தெரியாதவள் என்று குறித்துக்கொண்டார்.

வெளியே அவள் புருஷன் மருதை, "அவ சுபாவம் அப்படி, விடு," என்றான்.

"சுபாவமா? உன்கிட்ட ஒரு நாளாவது பயந்திருக்காளா?" என்று கத்தினேன்.

மறுநாள் அதே அதிகாரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதிவு செய்தார். அக்காவும் நானும் போனோம். அவள் ஒரு தாளைக் கேட்டு வாங்கித் தரையில் உட்கார்ந்தாள். 'என் பெயர் பாக்கியம். எனக்கு எழுதத் தெரியும். நேற்று அந்த அறையில் எனக்குக் கை வரவில்லை' என்று ஒரு தடங்கலும் இல்லாமல் தமிழில் எழுதி நீட்டினாள்.

அதிகாரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாத்தியார் அன்று காலையே வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். நான் படித்துச் சொல்கிறேன் என்றேன்; செல்லாது என்றார். தாளை மடித்து அவளிடமே கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படிக்கத் தெரியாதவர் அவர். ஓட்டு இல்லாமல் போனது அக்காவுக்கு.