பலகைமேல் ஏறிய பாடம்

ரங்கூன் அலோன் துறையில் அப்பாவையும் சேர்த்து அரிசி மூட்டை சுமந்த பதினெட்டுப் பேரும் ஒரே மேஸ்திரியின் ஆட்கள். ஒரே கப்பலில் வந்து ஒரே அறையில் படுத்தவர்கள். அந்த அறையில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். விடியற்காலையில் நான் உருப்போட்ட இங்கிலீஷ் வினைச்சொற்களை அத்தனை பேரும் கேட்டே ஆகவேண்டியிருந்தது.

லோட், லோடெட், லோடெட். லிப்ட், லிப்டெட், லிப்டெட். முதலாவது தினம் செய்கிற வேலை, இரண்டாவது நேற்றுச் செய்தது, மூன்றாவது செய்து முடித்தது.

அப்பாவின் கூட்டாளி ஒருவர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பல் துலக்கிக்கொண்டே கேட்டார்: “நேத்து செஞ்சதும் செஞ்சு முடிச்சதும் ஒரே மாதிரி இருக்கே மாப்ளே. அப்ப எதுக்கு மூணு?”

“சில சொல்லுக்கு மாறும் மாமா. இதெல்லாம் ஒழுங்கா நடக்கிற சொல்லு. கடைசியில ‘எட்’ சேத்தாப் போதும்.”

“மேஸ்திரிக்குப் பயந்த சொல்லு போல.”

அறையே சிரித்தது. மறுவாரம் படகுக்குப் போகும் பலகையில் ஏலேலோப் பாட்டு நின்றுபோய், லோட் லோடெட் லோடெட் கேட்டது. அப்பா முதல் சொல்லை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ‘எட்’டுக்கு ஒரு காலாக எடுத்து வைத்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏழாம் வகுப்பு முடித்ததும் கிடங்கில் குமாஸ்தா வேலைக்கு மனுக் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தாவும் தமிழர்தான். மனுவைப் பிரிக்கக்கூட இல்லை.

“கூலிக்காரனுங்களுக்கு இங்கிலீஷ் பாட்டு கட்டிக் குடுத்தவன் நீதானா? துரை கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சார். சனிக்கிழமை விருந்தாளிகளோட வரார். நீ முன்னால நின்னு சொல்லு, அவனுங்க திருப்பிச் சொல்லட்டும். துரைக்குப் பிடிச்சுட்டா வேலை உனக்குத்தான்.”

“தினம் பாடுறதுதானே, பாடிட்டாப் போச்சு” என்றார் அப்பா, நான் அறைக்கு வந்து சொன்னதும்.

சனிக்கிழமை நண்பகலில் மேஸ்திரி பதினெட்டுப் பேரையும் முதுகில் மூட்டையோடு வரிசையாக நிறுத்தினார். துரையின் மோட்டார் வரவில்லை. ஏற்றிய மூட்டையை வழியில் இறக்குகிறவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. அது மேஸ்திரியின் கட்டு. ஆகையால் யாரும் இறக்கவில்லை. வெயிலில் அப்பாவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. மாமா மூட்டையை முதுகில் ஒருமுறை ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

“இறக்கி வைங்கப்பா” என்றேன்.

“வாயை மூடுறா. உன் வேலையைப் பாரு.”

ஒருவழியாக மோட்டார் வந்தது. குடை பிடித்த இரண்டு சீமாட்டிகளும் நாலைந்து துரைமாரும் இறங்கினார்கள். தலைமைக் குமாஸ்தா எனக்குச் சைகை காட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் பல்லைக் கடித்தார். அப்போதும் திறக்கவில்லை, கூலிக்காரர்களைக் குரங்காட்டம் ஆட்டுவதற்கா நான் படித்தேன்?

மூட்டைக்கு அடியிலிருந்து அப்பாவே “லோட்” என்றார். வரிசை பலகையில் ஏறியது. சீமாட்டி ஒருத்தி கைதட்டினாள். துரை அப்பாவைச் சுட்டி ஏதோ சொல்ல, அப்பா பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அறையில் அவர் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

“உங்கப்பன் காப்பாத்திட்டான். திங்கட்கிழமை வந்துடு, சட்டையைத் துவைச்சுப் போட்டுக்கிட்டு வா” என்றார் தலைமைக் குமாஸ்தா.

மறுநாள் அப்பாவே என் சட்டையைக் குழாயடியில் துவைத்தார். வேலை வேண்டாம் என்று கத்தி, அதைப் பிடுங்கப் போனேன். அவர் விடவில்லை, பிழிந்து உதறிக் கொடியில் போட்டார். திங்கட்கிழமை அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.