தவக்காலத்தில் வந்த சப்வூஃபர்

தவக்காலம் தொடங்கிய முதல் வாரத்தில் என் தம்பி, கனத்த அடிச்சத்தம் எழுப்பும் ஒரு பெரிய சப்வூஃபர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். மன்னார்த் தீவில் எங்கள் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் பாட்டும் இல்லை, படமும் இல்லை. அந்த நேரம் பார்த்து யாராவது சத்தப்பெட்டி கொண்டுவருவார்களா?

அதுவும் அவன். பக்கத்து வளவிலேயே இருந்துகொண்டு நாலைந்து வருடமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவன். அம்மாவின் காணியைப் பிரித்தபோது நல்ல தண்ணீர்க் கிணறு என் பக்கம் வந்துவிட்டது. அவன் பக்கம் தோண்டிய இடமெல்லாம் உவர். வார்த்தை தடித்தது. வேலி நின்ற இடத்தில் அவன் மதில் எழுப்பினான். அன்றோடு பேச்சு நின்றது. ஆகவே பெட்டியைக் கண்டதும் எனக்குக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. கிணற்றுக்கு வழி பார்க்கிறான்.

“அத்தான் பாவிக்கட்டும் எண்டு கொண்டந்தனான்,” என்றான் வாசலில் நின்றபடி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கணவருக்கு வாயெல்லாம் பல். எங்கள் ஹோம் தியேட்டரோடு வந்த சின்ன சப்வூஃபர் நத்தார்ப் பண்டிகையோடு கிழிந்து, திருத்துகிற கடையில் கிடந்து, அப்போதுதான் வீடு திரும்பியிருந்தது.

“ரெண்டையும் பூட்டினா வீடு தியேட்டர்தான்!” என்றார்.

“ஒண்டு கோழிக்கூடு மாதிரி, மற்றது மாட்டுக்கொட்டில் மாதிரி. ரெண்டும் எப்பிடி ஒத்துப்போகும்?” என்று கேட்டேன். அவர் காதில் அது விழவே இல்லை.

தம்பி போனதும் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஏதோ பழைய வான் வண்டியிலிருந்து கழற்றியது. சீட்டின் மணம் அதில் இன்னும் இருந்தது. பழுதான பெட்டியாகத்தான் இருக்கும், பிறகு நாங்கள்தான் உடைத்தோம் என்று சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். போட்டுப் பார்க்கவும் வழியில்லை. தவக்காலம் அவனுக்கு நல்ல வசதியாகப் போய்விட்டது.

தூசு படக்கூடாது என்று கணவர் என் பழைய ஊதாச் சேலை ஒன்றால் பெட்டியை மூடி, சுவாமிப்படத்துக்குக் கீழே வைத்தார். கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடும் காலம் அது. அயலவர்கள் எங்கள் வீட்டில் செபத்துக்குக் கூடிய அன்று, ஒரு வயதான அம்மா சேலையைத் தொட்டுக் கும்பிட்டு, அதன்மேல் ஒரு மெழுகுதிரியும் ஏற்றி வைத்துவிட்டார். கணவர் பதறிப்போய் எடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆனாலும் சந்தேகம் மட்டும் போகவில்லை.

பெரிய வியாழன் அன்று தம்பியின் மனைவி மதிலுக்கு மேலால் ஒரு பாரை மீனை நீட்டினாள். சந்தேகப்பட்டுக்கொண்டுதான் சமைத்தேன். நல்ல ருசி. அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

உயிர்ப்பு ஞாயிறு மத்தியானம் கணவர் தம்பியைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். முதல்நாளே இரண்டு பெட்டிகளுக்கும் வயர் பூட்டி வைத்திருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு சண்டைப் படம் போட்டார். திரையில் கட்டிடம் இடிந்து விழுந்தது. எங்கள் கதிரைகளில் ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை.

பெரியதை நிறுத்திப் பார்த்தார். சின்னது அதிர்ந்தது. சின்னதை நிறுத்தினார். பெரியது யன்னல் கண்ணாடியையே ஆட்டியது. இரண்டையும் சேர்த்துப் போட்டதும் மறுபடி சத்தம் செத்துப்போனது.

“பாத்தீங்களோ? எங்கட பெட்டியையும் சேத்துக் கெடுக்கத்தான் இதைத் தந்தவன்!” என்று அவன் முகத்துக்கு முன்னாலேயே கணவரிடம் சொன்னேன். இத்தனை வருடம் அடக்கி வைத்த கோபம் எல்லாம் அதில் இருந்தது.

தம்பி எழுந்து போய், பெரிய பெட்டிக்குப் பின்னால் குந்தினான்.

“ஒண்டு முன்னுக்குத் தள்ளேக்க மற்றது பின்னுக்கு இழுக்குது. சிவப்பும் கறுப்பும் மாறிப் பூட்டியிருக்கு. ஆர் பூட்டினது?”

கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி வயரை மாற்றிப் பூட்டினான். அடுத்த இடி என் நெஞ்சுக்குள் விழுந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுங்கின. கணவர் சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் விடவில்லை. இனித்தான் கிணற்றுக் கதையை எடுப்பான் என்று காத்திருந்தேன். அவன் எடுக்கவில்லை. தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போக எழும்பினான். எனக்குப் பொறுக்கவில்லை. வாசல் படலை வரைக்கும் அவன் பின்னால் போனேன்.

“உண்மையைச் சொல்லு. கிணத்துக்காகத்தானே வந்தனீ?”

“கிணத்தை நீங்களே வச்சிருங்கோ, அக்கா.” படலையைப் பிடித்துக்கொண்டான். “உங்கட வீட்டுப் படத்தில கதைக்கிறது மதிலுக்கு அங்கால வராது. தும் தும் எண்டு அது மட்டும்தான் வரும். பின்னேரத்தில அது கேட்டா, அக்கா சுகமா இருக்கிறா எண்டு நினைப்பன். நத்தாரோட அது நிண்டுபோச்சு. வந்து சுகம் கேக்க எனக்கு ஒரு சாட்டு வேணும்தானே?”

எனக்கு அழுகை வந்தது. அதை அவன் பார்த்துவிடுவானே என்று கோபமும் வந்தது.

“இனி அங்கால இருந்து கேக்க வேண்டாம். உள்ளுக்க வந்து இருந்து கேள்,” என்றேன்.