பக்கத்து வீட்டு அம்மாளின் பதில் சீர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாகப் பட்டுக்கடை வைத்தேன். யார் தயவிலும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட என்னை, மகளோடு குடியிருக்கப் போன ஜப்பானில் பக்கத்து வீட்டு அம்மாள் நிம்மதியாக உட்கார விடவில்லை.

அறிமுகத்துக்காக அவருக்கு ஒரு பட்டுத் துண்டு கொடுத்தேன். மறுநாளே அழகாகக் கட்டிய இனிப்புப் பெட்டியோடு வந்து குனிந்து நின்றார். எனக்கேவா? சம்பந்தி வீட்டுச் சீருக்கே அசராதவன் நான். சேலையே கொடுத்தேன். பெரிய பழக்கூடை வந்தது. அடுத்த சேலைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த என் பெட்டியைக் குடைந்தேன்.

மகள் பெட்டியை மூடினாள்.

"நைனா, இந்த ஊர்ல வாங்கினா திருப்பிக் குடுத்தே ஆவணும். அந்தம்மா பென்ஷன்ல ஒண்டியா இருக்குது. நீ குடுத்துக்கினே இருந்தா அது எங்க போவும்?"

"அப்போ நான் தோத்துட்டேன்னு ஆவாதா?"

"தோத்துப் போ நைனா. புண்ணியமா போவும்."

அன்று முழுவதும் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மறுநாள் மாடிப்படியில் அவர் எதிரே வந்தார். வெறுங்கையோடு கும்பிட்டேன். என் கைகளைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது; முதல்முறையாகச் சிரித்தார். எனக்குத்தான் அந்தக் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.