கலெக்டர் துரையின் ஒரே வசனம்

லிஃப்டில் ஏறினால் டெஸ்மண்ட் ஒரு தடவை செத்துவிட்டுத்தான் இறங்குவார். நான்காவது மாடியில் நெஞ்சைப் பிடிப்பார், இரண்டாவது மாடியில் சுவரோடு சரிவார், தரைத்தளம் வரும்போது கண் நிலைகுத்தியிருக்கும். ஆரம்பத்தில் மூன்றாம் மாடி ஆபிதா அலறி, ஆம்புலன்ஸுக்கே போன் போட்டாள். இப்போது அவர் காலைத் தாண்டிப் போய்ப் பட்டனை அமுக்குகிறாள்.

பழகிய தொழில். இங்கிலாந்தில் நாற்பது வருஷம் துப்பறியும் தொடர்களில் பிணமாகக் கிடந்தவர். நூலகத்தில், குதிரை லாயத்தில், ஒருமுறை பியானோவுக்குள். பிணம் இல்லாத வாரங்களில் சமையல்காரர், போலீஸ்காரர், நீதிபதி. அந்த ஊரில் அவர் முகம் தெரியாதவர் இல்லை, பெயர் தெரிந்தவரும் இல்லை. தெருவில் ஒருத்தி, "உன்னைப் போன மாதமே புதைத்தார்களே" என்று சண்டைக்கு வந்தாளாம். இதில் அவர் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி.

வயது எழுபத்தொன்று. துபாய்க்கு ஒரு விளம்பரத்தில் நடிக்க வந்தவர், வாடகை குறைவென்று எங்கள் அஜ்மான் கட்டிடத்தில் தங்கிவிட்டார். இங்கே படமெடுக்க வரும் தமிழ்க்காரர்களுக்கு வெள்ளைக்காரன் வேண்டுமென்றால் இவர்தான். ஆயுத வியாபாரி, விமானி, மூளை டாக்டர் என்று ஆறு படம் ஆயிற்று. ஆறிலும் சென்னையில் யாரோ குரல் கொடுத்துவிட்டார்கள். தியேட்டரிலிருந்து திரும்பியவர், தம் இருமலைக்கூட விட்டுவைக்கவில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் புலம்பினார்.

ஏழாவது படத்துக்கு இயக்குநர் அம்மையப்பன் வந்தார். வெள்ளைக்காரன் காலத்துக் கலெக்டர் வேடம், ஒரே வசனம். தமிழில் அவரே பேசி ஒப்பேற்றினால் அந்தக் குரலையே வைத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். டெஸ்மண்ட் நேரே வாட்ச்மேன் வைரவனிடம் போனார். வைரவன் தேவகோட்டைப் பக்கம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இரண்டு மாதம் வகுப்பு. "புத்தகத் தமிழெல்லாம் மாஃபி, கிடையாது சார்" என்று வசனத்தையே தன் வழிக்குத் திருத்திவிட்டான்.

ஷார்ஜாவில் ஒரு கிடங்கைக் கலெக்டர் கச்சேரியாக்கியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போன வைரவனுக்கும் எனக்கும் குடியானவர் வேடம் கட்டி முன்வரிசையில் நிறுத்தினார்கள். டெஸ்மண்ட் மேசையைத் தட்டினார்.

"வரியக் கட்டிப்புடு அப்பு. இல்லையின்னா ஊருக்குள்ள தலகாட்ட முடியாது, ஆமா."

ஒரு பிசிறு இல்லை. கூட்டம் கைதட்டியது. அம்மையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சார், துரையைப் பேசச் சொன்னா தேவகோட்டைப் பெரியப்பா பேசுறாரு?"

"நல்லாத்தானேய்யா பேசுறாரு," என்றான் வைரவன். "தொண்டத்தண்ணி வத்தக் கத்துக்குடுத்திருக்கேன்."

"நல்லாப் பேசுறதுதான்யா வம்பு. வெள்ளைக்காரன்னா தமிழைக் கடிச்சுத் துப்பணும். வாரீ காட்டூ. அப்பத்தான் ஜனங்க நம்புவாங்க. முடியலைன்னா சென்னையில டப்பிங் போட்டுக்கிறேன்."

டெஸ்மண்டுக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லும் வேலை எனக்கு வாய்த்தது. குரல் படத்தில் நிற்க வேண்டுமென்றால் இரண்டு மாதத் தமிழை அவரே கெடுத்தாக வேண்டும். வெள்ளைக்காரனாக இருக்கக்கூடத் தமக்கு வரவில்லையா என்று ஒரு தடவை கேட்டார்.

மேக்கப்காரர் வந்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனார். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார்கள். கேமரா ஓடப்போகும் நேரம், டெஸ்மண்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கத்தில் நின்ற வைரவனைத் தேடிப் பார்த்து, தம் இரண்டு காதுகளையும் தொட்டுக்காட்டி, பொத்திக்கொள்ளும்படி சைகை செய்தார்.