இஸ்திரிக்காரியின் உள்ளங்கை

அவள் கோபக்காரி. அதை மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? சலவைக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். கடை முதலாளியே அவள் மேசைப் பக்கம் போவதென்றால் இரண்டு தடவை செருமிவிட்டுத்தான் போவார். கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்குக் கொதிகலன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. பிடித்தும் இருந்தது.

பதினெட்டு வயது மகளுக்குக் கழுத்தில் வந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்த நாளில் அவள் அழவில்லை. ஏறிய கோபம் அப்புறம் இறங்கவும் இல்லை. வெறும் நெறிக்கட்டு என்று மூன்று மாசம் மாத்திரை கொடுத்து அனுப்பினானே தெருமுனை டாக்டர், அவன் மேல் கோபம். பூட்டு ரிப்பேர் செய்கிற புருஷன் வாயைத் திறந்து ஒரு சத்தம் போடமாட்டேன் என்கிறானே என்று அவன் மேல் கோபம். மகளின் முடி கொத்தாக வந்த அன்று சீப்பை ஒடித்துக் குப்பையில் போட்டாள்.

நாத்தனார் ஒருநாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இந்த வயசிலேயா இப்படி என்று மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தாள். இஸ்திரிக்காரி அந்தம்மாளின் கைப்பையை எடுத்து, கிளம்புங்கள் என்பதுபோல் அவள் மடியிலேயே வைத்துவிட்டாள்.

“துக்கம் விசாரிக்க வந்தீங்களா அண்ணி? ஆளு உயிரோட உக்காந்து பால் குடிச்சிட்டிருக்கா. அழணும்னா பஸ்ல போறப்ப அழுங்க, ஜன்னல் சீட்டு கிடைக்கும்.”

மகள் தம்ளருக்குள்ளேயே சிரித்தாள். நாத்தனார் அப்புறம் வரவில்லை.

ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும் என்று கணக்கு. ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்துபோகும், அந்த நாட்களில் ஜுரம் நூறைத் தாண்டினால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள் என்று நர்ஸ் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பூட்டுக்காரன் அன்றைக்கே ஜுரமானி வாங்கி வந்தான். மூன்றாவது தடவை மருந்து ஏற்றிய பிறகு அது தொண்ணூற்றொன்பதைக் காட்ட, அவன் பதறி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இருமுகிற கூட்டத்துக்கு நடுவே ஆறு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, ஒன்றுமில்லை போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இஸ்திரிக்காரி அந்தக் குச்சியைப் பிடுங்கி அலமாரி மேலே வீசினாள்.

“சூடு பாக்க எனக்கு இது வேணுமா? பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவுன்னு கையை நீட்டியே சொல்றவ நான்.”

அது பொய்யில்லை. இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு சாண் தள்ளிக் கையை வைத்தாலே சொல்லிவிடுவாள்.

நாலாவது மருந்து ஏற்றிய பத்தாம் நாள் காலையில் மகள் குளிருகிறது என்றாள். அம்மா நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். ஒன்றுமில்லை, ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிராமல் என்ன செய்யும் என்று சாத்தினாள். மறுபடி குளிருகிறது என்றாள். போர்வை போர்த்தினாள். மூன்றாம் தடவை சொன்னபோது, “தொட்டுத்தானே பாத்தேன், எனக்குத் தெரியாதா?” என்று அதட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஓட்டல் சீருடை நூற்றைம்பது உருப்படி காத்திருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்த பூட்டுக்காரன், பற்கள் அடித்துக்கொள்ளச் சுருண்டு கிடந்த மகளைப் பார்த்தான். முக்காலி போட்டு ஏறி ஜுரமானியை எடுத்தான். நூற்று மூன்று.

செய்தி கிடைத்து அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது மகளுக்கு இரண்டு கையிலும் ஊசி குத்தி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜுரம் எப்போது ஆரம்பித்தது என்று டாக்டரம்மா கேட்டார். மத்தியானம்தான் என்றான் புருஷன், பெண்டாட்டியைப் பார்க்காமல். தன்னைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

“காலையில ஏழு மணிக்கு. குளிருதுன்னா. நான்தான் கையால தொட்டுப் பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னேன்.”

நர்ஸ் அம்மா அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கத் தடித்து, பழைய சூட்டுத் தழும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து தோல் பளபளத்தது. அந்தக் கையை மகளின் நெற்றியில் வைத்தார், பிறகு இஸ்திரிக்காரியின் சொந்த நெற்றியிலேயே வைத்தார்.

“வித்தியாசம் தெரியுதாம்மா?”

தெரியவில்லை. பெட்டியின் சூட்டுக்குப் பழகிய தோலுக்கு மனுஷச் சூடு எட்டவே இல்லை. எத்தனை வருஷமாக இப்படி என்று அவளுக்கே தெரியாது. மகள் குழந்தையாக இருந்தபோதும் இந்தக் கையால்தானே தொட்டுப் பார்த்தாள்?

மூன்று நாள் இழுபறி. நாலாம் நாள் ஜுரம் விட்டது. டாக்டரம்மா வந்து, தப்பித்துவிட்டாள், அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன என்று சொன்னார். அம்மா தலையைத் தடவப் போனாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மூணு தடவை சொன்னேன்மா. நீ இல்லைன்னதும், எனக்கே சந்தேகம் வந்து பேசாம படுத்துட்டேன். நடுங்கிக்கிட்டே, ஜுரம் இல்லை இல்லைன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்.”

இஸ்திரிக்காரி பதிலுக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

“பேசாத. உடம்பு என்னோடது. எப்படி இருக்குன்னு இனிமே யாரும் அப்பாகிட்டயும் கேக்கக் கூடாது, உன்கிட்டயும் கேக்கக் கூடாது. என்கிட்ட கேக்கணும்.”

பெற்றவளிடம் இப்படிப் பேசுகிறாளே என்று அம்மாவுக்குக் காது மடல் வரை கொதித்தது. நாலு நாள் முன்பு என்றால் ஆஸ்பத்திரியே அதிர்ந்திருக்கும். சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லாததால் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், படுக்கை விரிப்பின் சுருக்கத்தை இழுத்து இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது மருந்துக்குப் போன அன்று, நர்ஸ் அம்மா வழக்கம்போல் அம்மா பக்கம் திரும்பி, போன வாரம் எப்படி இருந்தாள் என்று ஆரம்பித்தார்.

“அவகிட்ட கேளுங்க. என் மூஞ்சியை ஏன் பாக்கறீங்க?”

சண்டைக்கு வருகிறவள் குரல்தான். நர்ஸ் அம்மா மகளிடம் கேட்டார். தூக்கம், பசி, வாய்ப்புண் எல்லாவற்றுக்கும் மகளே பதில் சொன்னாள். எத்தனை தடவை வாந்தி என்றதற்கு, யோசித்து, இரண்டு என்றாள்.

மூன்று. அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். மூன்று தடவையும் பாத்திரத்தை ஏந்திப் பிடித்தவள் அவள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மகள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். அப்புறம் நர்ஸ் அம்மா பக்கம் திரும்பி, “இல்ல, மூணு. எழுதிக்குங்க. இல்லைன்னா எங்கம்மாவுக்கு மூச்சடைச்சுடும்” என்றாள்.