ஆவடியைச் சுற்றி அம்மா வீடு

வைகாசியில் கல்யாணம். ஆனி முடியப்போகிற வரைக்கும் என் புருஷனின் குரல் எனக்கு மாட்டை அதட்டும் குரலாகத்தான் தெரியும். காட்டுப்பாக்கத்தில் என் மாமியார் வீட்டில் பெரியவர்கள் முன்னால் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளக் கூடாது. அந்த வீட்டிலோ திரும்பிய பக்கமெல்லாம் பெரியவர்கள். ராத்திரி கிசுகிசுத்தாலும் அடுத்த அறையில் மாமனார் கனைப்பார்.

ஆடி வந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாதம் முழுக்கப் புருஷன் முகத்தைப் பார்க்க முடியாது. அழைத்துப்போக வர வேண்டிய என் அப்பாவுக்குக் கால் சுளுக்கு. அதனால் இவரே வண்டி கட்டினார். அம்பத்தூர் போய்ச் சேருவதற்குள் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மாதம் போச்சு!

திருவேற்காட்டில் கூவத்தைத் தாண்டினால் சாப்பாட்டு வேளைக்குள் அம்மா வீடு. ஆனால் தெருமுனை தாண்டியதும் இவர் மாட்டைப் பூந்தமல்லிப் பக்கம் திருப்பினார்.

"ஆத்துல தண்ணி போவுதாம்," என்றார்.

அந்த வெயிலில் கூவத்தில் கொக்கின் கால் நனையக்கூடத் தண்ணீர் கிடையாது. நான் வாயைத் திறப்பேனா?

பூந்தமல்லி தாண்டும்வரை மாடுகளிடம் மட்டுமே பேசினார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "உனுக்குக் கத்திரிக்கா புடிக்குமா?"

அடப்பாவி மனுஷா, இதைக் கேட்கவா இவ்வளவு தூரம்! "புடிக்காதுங்க," என்றேன்.

"எனுக்குந்தான். எங்கம்மாகிட்ட சொல்லிடாதே."

அந்த வீட்டில் தினமும் கத்திரிக்காய்க் குழம்புதான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது.

அப்புறம் வாய் ஓயவில்லை. அது ரெண்டாவது உலகச் சண்டை நடந்த காலம். ஆவடியில் பட்டாள லாரிகள் வரிசையாக வந்தன. ஒதுங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். கடைசி லாரி போன பிறகும் கிளம்பவில்லை.

"இன்னும் வந்தா இன்னா பண்றது?" என்றார்.

"ஆமாங்க, மாடு மிரளும்," என்றேன்.

பொழுது சாய அம்பத்தூர் சேர்ந்தோம். அப்பா நொண்டிக்கொண்டே வந்தார். "இன்னா மாப்ளே, இம்மாம் நேரம்?"

"ஆத்துல தண்ணி, மாமா."

அப்பா புழுதி அப்பிய சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஆவணி பிறந்ததும் இவர் கூட்டிப்போக வந்தார். வழியனுப்ப வீடே வாசலில் நின்றது. என் அப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் வேறென்ன செய்வார், மாட்டைத் திருவேற்காட்டுப் பக்கமே திருப்பிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியவர்கள் முன்னால் அதுவரை இவரிடம் ஒரு வார்த்தை பேசாதவள், எல்லார் காதிலும் விழச் சொன்னேன்:

"இன்னாங்க, ஆத்துல தண்ணி போவுதுங்க!"