புடலங்காய் சம்பந்தமாக ஒரு மன்னிப்பு

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு பரீட்சை நடந்தது. அஞ்சாம் வகுப்போடு பரீட்சைக்கெல்லாம் கும்பிடு போட்டவன் நான். ஐம்பத்து மூன்று வயதில் மறுபடியும் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

கேள்வித்தாள் — ஒரே ஒரு துண்டு விளமீன்.

தட்டில் அது கிடக்கிறது. எதிரே நான். பின்னால் மனைவி ஸ்டெல்லா. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அவள் தம்பி ராயப்பன்; விடியற்காலையில் தன் வள்ளத்திலிருந்து அந்த மீனைக் கொண்டுவந்தவன் அவன்தான். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் விடுகிற அன்றைக்குக்கூட இவ்வளவு அமைதி இருக்காது.

"வாயில போடுங்க அத்தான். பாத்துக்கிட்டே இருந்தா அது திரும்ப நீந்திப் போயிரும்," என்றான்.

போடலாம்தான். போட்ட பிறகு அரித்தால்?

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தொழில் லோடு ஆட்டோ. மீன்பிடித் துறைமுகத்திலிருந்து மார்க்கெட்டுக்கு மீன் பெட்டி அடிப்பேன். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. போன வருஷம் திடீரென்று உடம்பு கலகம் செய்ய ஆரம்பித்தது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு ஃபுட்பால். கை, முதுகு எல்லாம் தடிப்புத் தடிப்பாக அரிப்பு. முதுகைச் சொறிய வண்டிக் கதவு, கரண்ட் கம்பம், வேப்பமரம்... ஊரில் நான் உரசாத இடம் பாக்கியில்லை. எருமை மாடுகளே என்னைப் பார்த்து ஒதுங்கி இடம் விட்டன.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு லிஸ்ட் எழுதினார். மீன், நண்டு, இறால், முட்டை, பால், கோதுமை, கடலை — எல்லாம் நிறுத்தம்.

"மூச்சு விடலாமா டாக்டர்?"

"விடலாம் அண்ணாச்சி. மெதுவா விடுங்க."

நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். தவக்காலத்தில் சாமிகூட கறியைத்தான் வேண்டாம் என்கிறார்; மீனில் கை வைப்பதில்லை. டாக்டரம்மா சாமிக்கும் ஒரு படி மேலே.

ஆறு வாரம் இப்படி. அதற்குப் பிறகு நிறுத்தியதை ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட வேண்டும். ஒன்றைக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். என்ன ஆச்சு என்று நோட்டில் எழுத வேண்டும். மீன் மேல்தான் சந்தேகம் அதிகம் என்பதால் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். தள்ளி வைத்துவிட்டு ஒன்று சொன்னார் பாருங்கள்... "மீன்தான் காரணம்னு தெரிஞ்சா, அந்தப் பெட்டித் தண்ணி கையில படறதுகூட ஒத்துக்காம போகலாம். வேற லோடு பாக்க வேண்டியிருக்கும்."

வேற லோடு. டாக்டருக்கு அது ரெண்டு வார்த்தை. எனக்குத் தெரிந்தது மீன் ஒன்றுதான். பெட்டியைத் திறக்காமலே உள்ளே சாளையா, நெத்திலியா என்று மோந்து சொல்வேன். படித்த படிப்பு அவ்வளவுதான். இந்த வயதில் உப்பு மூட்டைக்கும் சிமெண்டுக்கும் போய், புதிதாக யாருக்கு சலாம் போடுவது? நினைத்தாலே அசதியாக இருந்தது.

நான் மீனை நிறுத்தினால் நான் மட்டுமா நிறுத்தினேன்? ஸ்டெல்லாவும் நிறுத்திவிட்டாள்.

"நீ சாப்பிடேன் ஏளா. உனக்கென்ன?"

"நீங்க புடலங்காய மென்னுக்கிட்டு இருப்பீங்க, நான் பக்கத்துல இருந்து முள்ளெடுக்கணுமாக்கும்? ரெண்டு சட்டி கழுவ என்னால ஆவாது."

சட்டி கழுவ முடியாமல்தான் என்று இன்றுவரை சாதிக்கிறாள்.

துறைமுகத்தில் என் டிபன் பாக்ஸைத் திறந்தால் கூட்டம் கூடியது. "ஏலே, மீன் வண்டி ஓட்டுதவன் புடலங்காய்லா திங்குதான்! வெளிய சொல்லிராத, மீனு கோவிச்சுக்கிடும்!" முதல் ரெண்டு வாரம் சோறு இறங்கவில்லை. நாள் முழுக்க மீனோடு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து பூசணிக்காய் முகத்தில் விழிப்பது... விரோதிக்கும் வேண்டாம்.

மூன்றாவது வாரம் ரெண்டு அதிசயம் நடந்தது. அரிப்பு நின்றது. புடலங்காய் ருசிக்க ஆரம்பித்தது!

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இதே பக்கத்தில் எழுதினேனே — 'நாக்கு சுத்தமாகிவிட்டால் புடலங்காயும் மீன் போல ருசிக்கும்' என்று. எழுதும்போது நான் கிட்டத்தட்ட சித்தராகிவிட்டதாக நினைப்பு. நீங்களும் சும்மா இருந்தீர்களா? கடிதத்துக்கு மேல் கடிதம். ஒருவர் அதை எழுதி சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். சாத்தான்குளத்திலிருந்து ஒரு வாசகர் மட்டும், 'ரெண்டு வாரமாகத் தின்கிறேன், மீன் ருசி வரவே இல்லை. என் நாக்கில் கோளாறா?' என்று கேட்டிருந்தார். 'பொறுமை வேண்டும் ஐயா' என்று பதில் போட்டேன். என்ன திமிர் பாருங்கள்.

ஆறு வாரம் முடிந்தது. அரைச் சப்பாத்தி — பாஸ். முட்டை — பாஸ். பால் அரை டம்ளர்... சாயங்காலத்துக்குள் வயிறு ஃபுட்பால், முதுகு பழைய முதுகு. கரண்ட் கம்பம் என்னை மறக்கவில்லை. நோட்டில் அதை எழுத மனசு வராமல், அழுகிற மூஞ்சி ஒன்று வரைந்தேன். அது அடங்குகிற வரை பொறுத்திருந்துவிட்டு, போன செவ்வாய்க்கிழமை மீனுக்கு வந்தோம்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன்.

எட்டு வாரம் பிரிந்திருந்தவர்கள் சந்தித்தால் கட்டிப்பிடித்து அழ வேண்டாமா? என் நாக்கு அழவில்லை. 'வாப்பா, நேற்றுத்தானே பார்த்தோம்' என்கிற மாதிரி சும்மா கிடந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"ஏளா, நேத்து புடலங்காய்க்கு என்ன போட்ட?"

"எப்பவும் போடுததுதான்."

"என்னென்ன? சொல்லு."

"தேங்கா, வத்தல், பூண்டு... ஒரு துளி மாசி."

நிலையில் சாய்ந்திருந்த ராயப்பன் அப்படியே வழுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பில் அவனுக்குச் சத்தமே வரவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு: சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்தால் அதுதான் மாசி. எங்கள் ஊர்ச் சமையலறையில் சீரகம், மிளகு பக்கத்தில் இருக்கும். இடித்துத் தூவினால் வெறும் கஞ்சியும் எழுந்து நிற்கும்.

"மாசி மீனுல்லா!" என்று கத்தினேன்.

"மாசி எப்படிங்க மீனாவும்? மீனு கடல்ல இருந்து வாரது. மாசி பலசரக்குக் கடையில இருந்து வாரது."

"அது சூரை மீனு ஏளா!"

"சூரைதான், யாரு இல்லன்னா? காஞ்ச பெறவு அது மாசி. டாக்டர் லிஸ்ட்ல மாசின்னு இருக்கா? எடுத்துக் காட்டுங்க."

லிஸ்டை எடுத்து வரி விடாமல் படித்தேன். இல்லை.

"எப்பத்துல இருந்து போடுத?"

"ரெண்டு வாரம் கழிச்சு. தட்டப் பாத்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டே இருந்தீங்க. ரெண்டு வாய் கூட எறங்கட்டுமேன்னுதான்..."

அவளை எப்படித் திட்டுவது? மூடிய பெட்டியை மோந்து மீன் பேர் சொல்லுகிற மேதை, ஆறு வாரம் சூரை மீனைத் தின்றுவிட்டுப் புடலங்காய்க்குப் பாராட்டுவிழா நடத்தியிருக்கிறேன். அதுவும் அச்சில்!

டாக்டரம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். மாசி என்றால் என்ன என்று ஸ்டெல்லா விளக்கினாள். டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டெய்லி போட்டீங்களாம்மா?"

"டெய்லிதான் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும் கொஞ்சம் கூட."

அந்தப் பக்கம் பெருமூச்சு. "அப்போ மாசி சாப்பிட்டுக்கிட்டேதான் அரிப்பு நின்னிருக்கு. மீன் காரணமா இருக்காதுன்னுதான் தோணுது. எதுக்கும் இன்னிக்குச் சாப்பிட்டதுக்கு மூணு நாள் பாருங்க. நண்டு, இறால் வேற கதை. நான் சொல்லாம தொடக்கூடாது. பாலைக் கிட்டயே சேக்காதீங்க. ஆமா அண்ணாச்சி... நாளைக்கு மூணு டீன்னுதான முதல்ல சொன்னீங்க?"

மூன்றுதான் சொன்னேன். லிஸ்டுக்கு முந்தி நானாகக் கேட்டு வாங்கிக் குடித்த பால் டீ மூன்று. ஏலக்காரர் கொடுத்தது, ஐஸ்காரர் கொடுத்தது, மார்க்கெட்டில் கையைப் பிடித்துத் திணித்தது — அதெல்லாம் டீயிலா சேர்த்தி? மரியாதை!

அப்போதுதான் உறைத்தது. ஆளுக்கு ஒரு மாசி இருக்கிறது. உடன்குடியில் என் சிநேகிதர் ஒருவர் சர்க்கரை வியாதிக்காகச் சீனியை விட்டுவிட்டார். கருப்பட்டிக் காப்பி மட்டும் நாளைக்கு நாலு. கேட்டால், "அது சீனி இல்லல்லா?" ராயப்பன் மாதா கெபியில் சத்தியம் பண்ணிக் குடியை நிறுத்தியவன். பீர் அதில் வராதாம். வாய்க்குள் என்ன போகிறது என்று யார் பார்க்கிறோம்? அதற்கு என்ன பேர் வைத்திருக்கிறோம் என்பதோடு சரி.

செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொரு நாளும் ஸ்டெல்லா என் சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலையிலும் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல. வண்டிய எடுங்க," என்றாள்.

எடுத்தேன். மீன் லோடுதான். துள்ளிக் குதித்திருக்க வேண்டும், தெம்பில்லை. எட்டு வாரம் பயந்ததில் சந்தோஷப்படுவதற்குக்கூட உடம்பில் பாக்கி எதுவும் இல்லை. பெட்டித் தண்ணீர் கையில் வழிந்தது. துடைக்காமல் அப்படியே விட்டேன்.

மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு. எப்போதும் எனக்குப் போட்டுவிட்டுத்தான் ஸ்டெல்லா உட்காருவாள். அன்றைக்கு இரண்டு தட்டையும் சேர்த்து வைத்தாள். மீன் தலையை அவளே எடுத்துக்கொண்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"என்ன ஏளா, பேச்சையே காணும்?"

"பேசினா முள்ளு குத்தும்."

நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன்.

சாத்தான்குளம் வாசகரே... கோளாறு உங்கள் நாக்கில் இல்லை.